இரவல் கொடுத்த குரல்: பெல்ஃபாஸ்ட் நடிகர் ஸ்டீபன் ரே

1988 அக்டோபர் 19 அன்று பிரிட்டனின் உள்துறை அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் ஒரு தடையை அறிவித்தார். வட அயர்லாந்து தொடர்பான 11 அமைப்புகளின் சார்பில் பேசுபவர்களின் குரலை இனி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பக் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் பாலிகாலி என்ற ஊருக்கு அருகே, பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. என்ற குழு வைத்த குண்டு வெடித்து, ராணுவப் பேருந்தில் போன 8 படைவீரர்கள் இறந்திருந்தார்கள். விளம்பரம்தான் பயங்கரவாதத்துக்குப் பிராணவாயு, அதை அடைக்க வேண்டும் என்பது பிரதமர் தாட்சர் சில ஆண்டுகளாகவே சொல்லிவந்த வாதம். ஆனால் அந்தப் பட்டியலில் ஆயுதக் குழுக்களோடு, ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான ஷின் ஃபேன் கட்சியும் இருந்தது. அது சட்டப்படி இயங்கிய கட்சி. அதன் தலைவர் ஜெரி ஆடம்ஸ் மேற்கு பெல்ஃபாஸ்ட் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த எம்.பி.

தடையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. குரலைத்தான் ஒலிபரப்பக் கூடாது. முகத்தைக் காட்டலாம், சொன்ன வார்த்தைகளை அப்படியே வேறொருவர் சொல்லலாம். பி.பி.சி.யும் மற்ற நிறுவனங்களும் சீக்கிரமே அதைக் கண்டுகொண்டன. திரையில் ஆடம்ஸ் வாயசைப்பார், ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு நடிகர் பேசுவார். அதாவது டப்பிங். ஓர் அரசு தன் சொந்த நாட்டு அரசியல்வாதிக்கு டப்பிங் கலைஞரை ஏற்பாடு செய்யவைத்த விநோதம் 1994 செப்டம்பர் வரை நீடித்தது. அப்படி ஆடம்ஸுக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ரே. ஆடம்ஸைப் போலவே பெல்ஃபாஸ்ட்காரர், ஆனால் புராட்டஸ்டண்ட் குடும்பத்துப் பிள்ளை. இவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதில் வாங்காமல் தீர்வு எதுவும் வராது, அதனால் முடிந்தவரை தெளிவாகப் பேசினேன் என்ற பொருளில் அவர் பிற்பாடு விளக்கம் சொன்னார்.

உலகம் அவரை 'தி க்ரையிங் கேம்' படத்தின் சோகக் கண் நாயகனாகத்தான் அறிந்திருக்கிறது. எனக்கென்னவோ, அவருடைய அறுபதாண்டு நடிப்பைப் புரிந்துகொள்ள அந்த ஒலிப்பதிவுக் கூடம்தான் சரியான வாசல் என்று படுகிறது. ஒரு தரப்பின் ஆளாக நின்று முழங்குகிற பாத்திரங்கள் அவருக்கு அதிகம் அமையவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆள், ஒருவர் சொல்வதை இன்னொருவருக்குக் கடத்துகிற ஆள், மற்றவர் பேசும்போது கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் என்று திரும்பத் திரும்ப அந்த இடத்துக்கே அவர் வந்து நின்றிருக்கிறார்.

நம் வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். 1921இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கே 6 மாவட்டங்கள் பிரிட்டனோடு நின்றன. அங்கே பெரும்பான்மை புராட்டஸ்டண்டுகள், பொதுவாக பிரிட்டனோடு இருக்க விரும்பியவர்கள். சிறுபான்மைக் கத்தோலிக்கர்கள் பொதுவாக ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பியவர்கள். வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் ஓட்டுரிமையிலும் ஓரங்கட்டப்பட்டவர்கள். 1960களின் இறுதியில் அவர்களுடைய சிவில் உரிமைப் போராட்டம் எழுந்தது. அது நசுக்கப்பட, வன்முறை வெடித்தது. 1998 அமைதி உடன்பாடு வரும்வரை ஏறத்தாழ 3,500 பேர் செத்தார்கள். மதம் என்பது அங்கே கோயில் விவகாரம் மட்டுமல்ல. எந்தத் தெருவில் குடியிருப்பாய், எந்தப் பள்ளியில் படிப்பாய், எந்தக் கொடிக்கு வணக்கம் வைப்பாய் என்பதெல்லாம் பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாகிவிடும்.

ரே 1946 அக்டோபர் 31 அன்று பிறந்தார். அவருடைய அப்பா பேருந்து ஓட்டுநர். பெல்ஃபாஸ்டின் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்தார், பிறகு டப்ளினில் உள்ள தேசிய நாடக அரங்கான ஆபி தியேட்டரில் பயிற்சி எடுத்தார். புராட்டஸ்டண்டாகப் பிறந்தும் தன்னை ஐரிஷ்காரராகவே அவர் பார்த்தார், தேசியவாதிகள் பக்கம் பரிவு கொண்டிருந்தார். அப்படிப்பட்டவர்கள் வடக்கில் எப்போதும் இருந்தார்கள்தான், ஆனால் எண்ணிக்கையில் குறைவு. இரண்டு பக்கத்தாருக்கும் அவர்களை எந்தப் பெட்டியில் போடுவதென்று தெரியாது.

1970களில் அவர் லண்டனுக்குப் போனார். அந்தப் பத்தாண்டுகளைப் பற்றிப் பலரும் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அங்கேதான் விழுந்தது. 1973இல் ராயல் கோர்ட் அரங்கில் பிரையன் ஃப்ரீல் எழுதிய 'தி ஃப்ரீடம் ஆஃப் தி சிட்டி' நாடகத்தில் ஸ்கின்னர் என்ற இளைஞனாக நடித்தார். முந்தைய ஆண்டு ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள் மீது பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள். காயமடைந்த ஒருவர் பிறகு இறந்தார். அந்த ஊர்வலத்தில் ஃப்ரீலும் நடந்தவர். நாடகத்தின் கதை இதுதான்: கலைக்கப்பட்ட ஊர்வலத்திலிருந்து ஓடிவரும் மூன்று பேர், எங்கே நுழைகிறோம் என்றே தெரியாமல் நகர மன்றமான கில்ட்ஹாலுக்குள், மேயரின் அறைக்குள்ளேயே போய்விடுகிறார்கள். வெளியே இருப்பவர்கள் அவர்களை ஆயுதம் தாங்கிய ஆக்கிரமிப்பாளர்கள் என்று நினைக்கிறார்கள். கையை உயர்த்திக்கொண்டு வெளியே வரும்போது மூவரும் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள்.

1974இல் அதே ராயல் கோர்ட்டில், அப்போது லண்டனில் வசித்த அமெரிக்க நாடகாசிரியர் சாம் ஷெப்பர்ட் முதல்முறையாகத் தானே இயக்கிய 'ஜியாகிரஃபி ஆஃப் எ ஹார்ஸ் ட்ரீமர்' நாடகத்தில் பாப் ஹாஸ்கின்ஸோடு நடித்தார். அந்த நட்பு நாற்பது ஆண்டு நீடித்தது. 1975இல் நேஷனல் தியேட்டரின் 'தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வேர்ல்ட்' நாடகத்தில் நாயகன் கிறிஸ்டி. அப்புறம் 1976. சாமுவேல் பெக்கெட்டின் எழுபதாவது வயதை ஒட்டி ராயல் கோர்ட் நடத்திய நாடக வரிசையில் 'எண்ட்கேம்' நாடகம். ஹாம் வேடத்தில் பேட்ரிக் மெகீ, அவருடைய வேலையாளான க்ளோவ் வேடத்தில் ரே. ஒத்திகைக்கு பெக்கெட்டே வந்து உட்கார்ந்தார். மெகீ அர்மா நகரத்துக்காரர், அதாவது இன்னொரு வடக்கத்தியர். கரகரத்த, பிளந்துபோன அவருடைய குரலை பி.பி.சி. வானொலியில் கேட்டுத்தான் பெக்கெட் 1958இல் 'க்ராப்ஸ் லாஸ்ட் டேப்' என்ற ஒற்றை நடிகர் நாடகத்தை எழுதினார். இந்த விஷயம் பிறகு தேவைப்படும்.

லண்டனில் ஐரிஷ் நடிகனுக்கு வேலை கிடைத்தது. ஆனால் ஒரு சிக்கல். வட அயர்லாந்தில் எழுதப்பட்ட நாடகம்கூட டப்ளினிலோ லண்டனிலோ அரங்கேறி, அங்கே விமர்சிக்கப்பட்டு, அங்கே முடிந்துவிடும். அந்த நாடகம் யாரைப் பற்றியதோ அவர்கள் அதைப் பார்க்கவே மாட்டார்கள். 1980இல் ரே ஃப்ரீலைத் தேடிப்போனார். ஒரு நாடகம் எழுதுங்கள், வடக்கில் அரங்கேற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவோம் என்றார். ஃப்ரீல் அப்போது எழுதிக்கொண்டிருந்ததுதான் 'டிரான்ஸ்லேஷன்ஸ்'. இருவரும் சேர்ந்து தொடங்கிய குழுவுக்கு ஃபீல்ட் டே என்று பெயர்.

எங்கே அரங்கேற்றுவது? டெர்ரியில் அதற்கேற்ற நாடக அரங்கம் கிடையாது. தேர்ந்தெடுத்த இடம் கில்ட்ஹால். ஏழு ஆண்டுகளுக்கு முன்பு லண்டன் மேடையில் எந்தக் கட்டடத்துக்குள் மாட்டிக்கொண்டு ரேயின் பாத்திரம் செத்ததோ, அதே கட்டடம். கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையாக வாழும் நகரத்தில் புராட்டஸ்டண்ட் ஆட்சிக்குப் பல ஆண்டு அடையாளமாக நின்ற மாளிகை. 1972 ஊர்வலம் போய்ச்சேர நினைத்த இடமும் அதன் முன்னிருந்த சதுக்கம்தான். இப்போது அதற்குள் ஓர் ஐரிஷ் நாடகம். 1980 செப்டம்பர் 23 அன்று திரை விலகியது. முடிந்தபோது பிரிட்டிஷ் ஆதரவுக் கட்சியைச் சேர்ந்த மேயர் எழுந்து நின்று கைதட்டினார், அரங்கமே எழுந்தது. அன்றைய டெர்ரியில் எல்லாத் தரப்பும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து ஒரே விஷயத்துக்குக் கைதட்டியது சாதாரண சங்கதி இல்லை.

அந்த முதல் நடிகர் பட்டியலைப் பார்த்தால் இன்று வியப்பாக இருக்கும்: ரே மெக்கானலி, மிக் லாலி, அப்போது பெயர் தெரியாத லியாம் நீசன். கதை 1833இல் டோனிகால் மாவட்டத்தின் ஒரு கிராமத்தில் நடக்கிறது. பிரிட்டிஷ் ராணுவத்தின் நில அளவைப் பிரிவு வந்து வரைபடம் போடுகிறது, ஐரிஷ் மொழி ஊர்ப்பெயர்களை எல்லாம் ஆங்கிலமாக மாற்றுகிறது. ரே நடித்த ஓவன் அந்தக் கிராமத்துப் பிள்ளை. டப்ளினுக்குப் போய்ப் பிழைத்தவன், இப்போது ராணுவத்தோடு துபாஷியாகத் திரும்பி வந்திருக்கிறான். அதிகாரி சொல்கிற கடுமையான வாசகத்தை ஊராருக்கு இனிப்புத் தடவிச் சொல்கிறான். அதிகாரிகள் அவன் பெயரைத் தப்பாகச் சொல்கிறார்கள், அதைக்கூட முதலில் அவன் திருத்துவதில்லை. மேடையில் கிராமத்தார் ஐரிஷ் மொழியில் பேசுவதாகக் கணக்கு. நம் காதில் விழுவதோ ஆங்கிலம். இந்த வித்தையால் இரண்டு தரப்பும் ஒரே மொழி பேசிக்கொண்டே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் நிற்பதைப் பார்வையாளர் நேரில் பார்க்கிறார். அந்த இடைவெளியில் நிற்பவன் ஓவன். ரேக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் அமைந்திருக்காது.

அடுத்த பத்தாண்டுகள் ஃபீல்ட் டே பெரும்பாலும் இதே வழக்கத்தில் நடந்தது. ஆண்டுக்கு ஒரு தயாரிப்பு, டெர்ரியில் அரங்கேற்றம், பிறகு எல்லைக்கு வடக்கிலும் தெற்கிலும் சிறு ஊர்களின் மண்டபங்களில் சுற்றுப்பயணம். கவிஞர்கள் ஷேமஸ் ஹீனி, டாம் பாலின், விமர்சகரும் கவிஞருமான ஷேமஸ் டீன், பாடகர் டேவிட் ஹாமண்ட் ஆகியோர் இயக்குநர் குழுவில் சேர்ந்தார்கள், பிறகு நாடகாசிரியர் டாமஸ் கில்ராய். குழுவில் நடிப்பைத் தொழிலாகக் கொண்டவர் ரே ஒருவர்தான். மற்றவர்கள் எழுதினார்கள், வாதிட்டார்கள். வண்டியில் சாமான் ஏற்றி, ஊர் ஊராகப் போய், மேடையில் நின்று அதைச் சொல்ல வேண்டியவர் இவர். 1981இல் செகாவின் 'த்ரீ சிஸ்டர்ஸ்' நாடகத்தை அயர்லாந்துப் பேச்சு வழக்கில் ஃப்ரீல் எழுதித்தர, ரே இயக்கினார். 1984இல் பாலின் எழுதிய 'தி ரயட் ஆக்ட்'. இது சோஃபக்ளிஸின் ஆன்டிகனி கதையை வட அயர்லாந்துப் பேச்சில் சொல்வது. ரே இயக்கியதோடு சர்வாதிகாரி கிரெயோனாகவும் நடித்தார். 1990இல் ஹீனியின் 'தி க்யூர் அட் ட்ராய்'.

இவற்றில் நான் பார்த்திருக்க விரும்பும் நாடகம் ஒன்று உண்டு. கில்ராய் எழுதி 1986இல் வந்த 'டபுள் கிராஸ்'. இரண்டாம் உலகப்போரில் எதிரெதிர் பக்கம் நின்ற இரண்டு நிஜ மனிதர்கள்: டிப்பரரி மாவட்டத்தில் பிறந்து, அதை மறைத்து, அசல் ஆங்கிலேயனாக வேஷம் கட்டி, சர்ச்சிலின் தகவல் அமைச்சரான பிரெண்டன் பிராக்கன், கால்வேயில் வளர்ந்து, பெர்லினிலிருந்து நாஜிகளுக்காக ஆங்கிலத்தில் வானொலிப் பிரசாரம் செய்து, 1946இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் ஜாய்ஸ். இரண்டு பேரும் ரேதான். சொந்தக் குரலைத் தொலைத்துவிட்டு இன்னொரு நாட்டின் குரலாக மாறிய இரண்டு ஐரிஷ்காரர்கள். இந்த நாடகத்துக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் குரல் தடை வந்தது.

ஃபீல்ட் டே எல்லாருக்கும் உவப்பாக இருக்கவில்லை. தேசியவாதத்துக்குப் புதுச் சட்டை மாட்டிவிடுகிறார்கள் என்று வடக்கிலேயே விமர்சகர்கள் சொன்னார்கள். அது அவ்வளவு நியாயமான குற்றச்சாட்டு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் 1991இல் அவர்கள் வெளியிட்ட மூன்று பெரும் தொகுதிகள் கொண்ட ஐரிஷ் இலக்கியத் திரட்டில் பெண் எழுத்தாளர்கள் பெரிதும் விடுபட்டுப்போனதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. யாருடைய குரலெல்லாம் கேட்கப்படவில்லை என்று பத்து வருடம் பேசிய குழு. இயக்குநர்கள் அத்தனை பேரும் ஆண்கள். பெண்கள் எழுத்துக்கென்று இரண்டு கூடுதல் தொகுதிகள் வர 2002 ஆகிவிட்டது. இதற்கிடையில் ஃப்ரீல் 1990இல் தன் புது நாடகமான 'டான்ஸிங் அட் லூனசா'வை ஃபீல்ட் டேக்குக் கொடுக்காமல் ஆபி தியேட்டருக்குக் கொடுத்தார், அது உலகப் புகழ் பெற்றது. 1994இல் குழுவிலிருந்தும் விலகினார். நாடகப் பணி மெல்லத் தேய்ந்தது.

சினிமாவுக்கு வருவோம். அங்கே ரேயின் கதை ஓர் இயக்குநரின் கதையும்கூட. நீல் ஜோர்டன் என்ற இளம் எழுத்தாளர் 1982இல் தன் முதல் படமான 'ஏஞ்சல்' எடுத்தபோது நாயகனாக ரேயைப் போட்டார். வட அயர்லாந்தில் ஊர் ஊராகக் கச்சேரி செய்யும் சாக்ஸஃபோன் கலைஞன். கண்ணெதிரே நடந்த கொலைக்குப் பழிவாங்கத் துப்பாக்கியைத் தூக்கி, கடைசியில் எந்தப் பக்கம் யார் என்பதே புரியாத சுழலில் விழுகிறான். புதிதாக அமைக்கப்பட்ட ஐரிஷ் திரைப்பட வாரியம் முதலில் பணம் கொடுத்த படம் அது. வாரியத்தில் உறுப்பினராக இருந்த இயக்குநர் ஜான் பூர்மனே படத்தின் நிர்வாகத் தயாரிப்பாளராகவும் இருந்ததால் டப்ளின் சினிமா வட்டாரத்தில் பெரிய சண்டையே நடந்தது. சிக்கன நடவடிக்கையாக அரசு 1987இல் வாரியத்தை முடக்கியது. ஆறு வருடம் கழித்து அதை உயிர்ப்பிக்க உதவியதும் ஜோர்டனும் ரேயும் சேர்ந்து செய்த படம்தான்.

'தி க்ரையிங் கேம்' 1992இல் வந்தது. ஐ.ஆர்.ஏ. உறுப்பினன் ஃபெர்கஸ், கடத்திவரப்பட்ட கறுப்பினப் படைவீரன் ஜோடிக்குக் காவல் இருக்கிறான். இரண்டு பேரும் பேசிப் பேசி நெருக்கமாகிறார்கள். ஜோடி தன் காதலியின் புகைப்படத்தைக் காட்டுகிறான். பிறகு ஃபெர்கஸ் லண்டனுக்குத் தப்பிப்போய்க் கட்டட வேலை பார்க்கிறான், அந்தக் காதலியைத் தேடிப்போகிறான். அதற்கப்புறம் நடப்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அமெரிக்காவில் விநியோகித்த மிராமேக்ஸ் நிறுவனம் பத்திரிகைகளிடம் 'ரகசியத்தை உடைக்காதீர்கள்' என்று கேட்டுக்கொண்டதே படத்துக்குப் பெரிய விளம்பரமானது. பிரிட்டனில் படம் எடுபடவில்லை. ஐ.ஆர்.ஏ. குண்டுகள் லண்டனில் வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஈரமுள்ள ஐ.ஆர்.ஏ. காரனைப் பார்க்க யாருக்கும் மனமில்லை. தயாரித்த பேலஸ் நிறுவனம் திவாலானது. அமெரிக்காவிலோ 6 கோடி டாலருக்கு மேல் வசூல், 6 ஆஸ்கர் பரிந்துரைகள். ஜோர்டனுக்குத் திரைக்கதை விருது கிடைத்தது. சிறந்த நடிகருக்கான பரிந்துரை பெற்ற ரேக்குக் கிடைக்கவில்லை, அந்த வருடம் அது அல் பசீனோவுக்குப் போனது. அந்த விருதுகள் வழங்கப்பட்ட 1993இல்தான் அயர்லாந்தில் கலாசார அமைச்சராக இருந்த மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் திரைப்பட வாரியத்தை மறுபடி தொடங்கினார்.

ரேயின் நடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தின் முதல் பகுதியில் பேசுவதெல்லாம் ஜோடியாக நடித்த ஃபாரஸ்ட் விடேகர்தான். ரே கேட்கிறார். கேட்பதை எப்படி நடிப்பது என்று யாராவது கேட்டால் இந்த அரைமணி நேரத்தைப் போட்டுக் காட்டலாம். தொங்கிய முகம், தூக்கம் கெட்ட கண்கள், எதையோ சொல்ல வந்து விழுங்கிவிட்ட மாதிரி வாய். ஒரு மனிதன் மனம் மாறுவதை வசனம் இல்லாமல் பார்க்கிறோம். ஹாலிவுட் அந்த முகத்தை 'சோகம்' என்று எடுத்துக்கொண்டு அடுத்த இருபது வருடம் அதையே கேட்டது அவருக்கு நேர்ந்த சிறு அநியாயம். உண்மையில் அவர் நல்ல நகைச்சுவை நடிகர். மைக் லீயின் 'லைஃப் இஸ் ஸ்வீட்' படத்தில் ஓட்டை உணவு வண்டியைத் தலையில் கட்டிவிடும் பாட்ஸியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த நேரத்தில் அவர் நியூயார்க் பிராட்வேயிலும் இருந்தார். ஃப்ராங்க் மெக்கின்னஸின் 'சம்ஒன் ஹூ'ல் வாட்ச் ஓவர் மீ' நாடகத்தில், லெபனானில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட மூன்று பிணைக்கைதிகளில் ஒருவரான ஐரிஷ் பத்திரிகையாளர் வேடம். அமெரிக்க நாடக உலகின் டோனி விருதுக்கும் பரிந்துரை வந்தது. திரையில் பிணைக்கைதிக்குக் காவல்காரன், மேடையில் பிணைக்கைதி!

அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இதைவிட ருசியான வேறொரு செய்தி கிடைத்தது: அவர் மனைவி. ரே 1983இல் மணந்த டோலர்ஸ் பிரைஸ், 1973 மார்ச்சில் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்கு வெளியே வெடித்த ஐ.ஆர்.ஏ. கார் குண்டு வழக்கில் தண்டிக்கப்பட்டவர். ஏறத்தாழ 200 பேர் காயப்பட்ட தாக்குதல் அது. மாரடைப்பில் ஒருவர் இறந்தார். சிறையில் அவரும் அவர் தங்கையும் உண்ணாவிரதம் இருந்தார்கள், மாதக்கணக்கில் குழாய் வழியாகக் கட்டாய உணவு செலுத்தப்பட்டது. உடல்நிலை கெட்டு 1981இல் விடுதலையானார். ரேயோடு இரண்டு மகன்கள் பிறந்தார்கள், 2003இல் மணமுறிவு. பின்னாளில் பிரைஸ் அமைதி உடன்பாட்டைக் கடுமையாக எதிர்த்தார். ஆடம்ஸ்தான் ஐ.ஆர்.ஏ.வில் தனக்கு மேலே இருந்து உத்தரவிட்டவர் என்று பகிரங்கமாகச் சொன்னார். தான் ஐ.ஆர்.ஏ.வில் இருந்ததே இல்லை என்பது ஆடம்ஸின் நிலைப்பாடு. பிரைஸ் 2013 ஜனவரியில் இறந்தார். ரே இதைப் பற்றியெல்லாம் பேட்டிகளில் அதிகம் பேசியதில்லை. இந்தத் திருமணத்தை வைத்து அவருடைய பாத்திரங்களுக்கு விளக்கம் தேடுகிற கட்டுரைகள் நிறைய வந்திருக்கின்றன. அந்த வேலையை நான் செய்ய விரும்பவில்லை. 'ஏஞ்சல்' படத்தின் சாக்ஸஃபோன்காரன் திருமணத்துக்கு முன்பே வந்துவிட்டான்.

பிறகு வந்த படங்களை வேகமாகப் பார்த்துவிடலாம். ஜோர்டனோடு மட்டும் பத்துக்கு மேல். அயர்லாந்து விடுதலைப் போராட்டத் தலைவரைப் பற்றிய 'மைக்கேல் காலின்ஸ்' படத்தில் நெட் பிராய்: டப்ளினில் பிரிட்டிஷ் போலீசுக்குள் இருந்துகொண்டு காலின்ஸுக்கு ரகசியம் கடத்துகிறவர், மறுபடியும் நடுவில் நிற்கிற ஆள். படத்தில் அவரைக் கொன்றுவிடுகிறார்கள். நிஜ பிராய் சுதந்திர அயர்லாந்தின் போலீஸ் கமிஷனராகி, 1972 வரை வாழ்ந்தார். வரலாற்று ஆசிரியர்கள் கோபப்பட்டதில் வியப்பில்லை. 1997இல் 'தி புட்சர் பாய்' படத்தில் குடிகார இசைக்கலைஞன் தந்தையாக நடித்தார். வளர்ந்துவிட்ட மகனின் குரலாகக் கதை சொல்வதும் அவரேதான். அந்தப் பையனுக்கு ஏன் வாழ்க்கை முழுதும் அப்பாவின் குரலே வாய்த்தது என்று யோசித்தால் படம் இன்னும் கனக்கிறது. 1995இல் சோவியத் தொடர்கொலைகாரனைத் தேடும் தடயவியல் அதிகாரியாக 'சிட்டிஸன் எக்ஸ்'. 2006இல் 'வி ஃபார் வெண்டெட்டா'வில் இன்ஸ்பெக்டர் ஃபின்ச். தொலைக்காட்சியில் இயக்குநர் ஹ்யூகோ பிளிக் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டார். 2011இல் 'தி ஷேடோ லைன்' தொடரில் மெல்லிய குரலில் மிரட்டும் கேட்ஹவுஸ், 2014இல் 'தி ஆனரபிள் வுமன்' தொடரில் ஓய்வுபெறப்போகும் உளவுத்துறை அதிகாரி. இரண்டாவதுக்கு பிரிட்டனின் பாஃப்டா விருது கிடைத்தது.

சாம் ஷெப்பர்டும் திரும்பி வந்தார். பாலைவனத்தில் செத்துப்போன குதிரையோடு தனியாக மாட்டிக்கொண்ட நியூயார்க் ஓவிய வியாபாரியைப் பற்றிய 'கிக்கிங் எ டெட் ஹார்ஸ்' நாடகத்தை ரேக்காகவே எழுதி 2007இல் டப்ளினில் இயக்கினார். 2013இல் டெர்ரியில் ஃபீல்ட் டேக்காக ஈடிபஸ் கதையை வைத்து இன்னொரு நாடகம் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் முதிய வயதில் அவர் செய்த மிகத் துணிச்சலான வேலை 2016இல் டப்ளினிலும் பின் லண்டனிலும் அரங்கேறிய 'சைப்ரஸ் அவென்யூ'. எழுதியவர் பெல்ஃபாஸ்ட்காரரான டேவிட் அயர்லாந்து, இயக்கியவர் விக்கி ஃபெதர்ஸ்டோன். எரிக் மில்லர் என்ற பெல்ஃபாஸ்ட் புராட்டஸ்டண்ட், பிரிட்டிஷ் விசுவாசி. வாழ்நாள் முழுதும் ஐரிஷ்காரர்களை வெறுத்தவர். அவருக்கு ஐந்து வாரப் பேத்தி. அந்தக் குழந்தை ஜெரி ஆடம்ஸ் என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. குட்டி மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்கிறார், மார்க்கர் பேனாவால் தாடி வரைகிறார். அரங்கம் வயிறு வலிக்கச் சிரிக்கும், கடைசிக் காட்சிகளில் பேச்சற்றுப்போகும். அவ்வளவு கோரம். ஒரு காலத்தில் ஆடம்ஸின் வாயாக இருந்த நடிகர், இப்போது ஆடம்ஸ் பயத்தில் பைத்தியமான மனிதராக நிற்கிறார். அரங்கில் வயதானவர்களுக்கு இந்த முரண் தெரிந்திருக்கும். எரிக்கை அவர் கேலிச்சித்திரமாக்கவில்லை என்பதுதான் முக்கியம். தன் அரசியலுக்கு நேரெதிரான ஆளின் அச்சத்தை, தான் பிறந்து வளர்ந்த சமூகத்தின் பேச்சு மொழியில், மரியாதையோடு பேசினார். ஆடம்ஸின் வார்த்தைகளைத் தெளிவாகச் சொன்னதும் இதுவும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது.

2024 ஜனவரியில், 77 வயதில், ரே டப்ளினின் ப்ராஜெக்ட் ஆர்ட்ஸ் சென்டரில் 'க்ராப்ஸ் லாஸ்ட் டேப்' நாடகத்தில் நடித்தார். இயக்கம் மறுபடியும் ஃபெதர்ஸ்டோன். மெகீயின் குரலுக்காக பெக்கெட் எழுதிய அதே நாடகம். 69 வயதாகும் க்ராப் தன் பிறந்தநாளன்று, 39 வயதில் தான் பதிவுசெய்த ஒலிநாடாவைப் போட்டுக் கேட்கிறார். திட்டுகிறார், சிரிக்கிறார், ஓரிடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறார். வாழைப்பழம் தின்கிறார். அவ்வளவுதான் நாடகம். இதில் எல்லா நடிகருக்கும் வரும் தலைவலி, அந்த இளமைக் குரலை எங்கிருந்து கொண்டுவருவது என்பது. முதியவர் இளைஞன் மாதிரிப் பேசினால் பொய்யாகத் தெரியும். ரே ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, என்றாவது ஒருநாள் இதில் நடிக்கக் கூடும் என்று, அந்த நாடாப் பகுதியைத் தன் குரலில் பதிவுசெய்து வைத்திருந்தார். அது 39 வயதுக் குரல் இல்லைதான், அறுபதுகளின் நடுவில் இருந்த மனிதரின் குரல். ஆனால் மேடையில் உட்கார்ந்திருந்தவருக்கும் நாடாவில் பேசியவருக்கும் இடையில் உண்மையாகவே காலம் ஓடியிருந்தது. நாடகத்தின் பெரும்பகுதி அவர் வாய் திறக்காமல் கேட்பதுதான். 2025இல் இந்தத் தயாரிப்பு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விழாவுக்கும் லண்டன் பார்பிகன் அரங்குக்கும் போனது.

மேடை வேலைகளில் பெரும்பாலானவற்றை இனி நாம் பார்க்க வழியில்லை. 'சைப்ரஸ் அவென்யூ' மட்டும் படமாக்கப்பட்டு, 2020 ஊரடங்கில் ராயல் கோர்ட் அதை இணையத்தில் வெளியிட்டது. படங்களில் தொடங்குபவர்கள் 'ஏஞ்சல்' கிடைத்தால் அதை முதலில் பார்க்கலாம், பிறகு 'தி க்ரையிங் கேம்', மூன்றாவதாக 'தி புட்சர் பாய்'. இரண்டாவதைப் பார்க்கும்வரை அதைப் பற்றி இணையத்தில் எதையும் தேடாதீர்கள். மிராமேக்ஸ் கேட்டுக்கொண்டது வியாபாரத்துக்காகத்தான், என்றாலும் அந்த ஒரு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.